ஆன்சிபிள் 2.19: டெம்ப்ளேட்டுகளில் மாறிய தரவு வகைகள்

2025 அக்டோபர் 6, திங்கள்

சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவியான ஆன்சிபிளின் மையப் பகுதி, ஆன்சிபிள்-கோர் 2.19, சோதனைச் சூழலில் ஏற்றப்பட்டுவிட்டது. ஜூலையில் வெளியான இப்பதிப்பில், முன்பு விரும்பியவர்கள் மட்டும் இயக்கிக்கொண்ட ஜின்ஜா நேட்டிவ் முறையே (டெம்ப்ளேட்டின் விடையை அதன் சொந்தத் தரவு வகையிலேயே வைத்திருப்பது) இனி ஒரே முறை. டெம்ப்ளேட்டில் (மதிப்புகள் நிரப்பப்படும் வார்ப்பில்) 8080 உடன் ஒன்றைக் கூட்டி ஒரு வேரியபிளில் வைத்தால் முன்பு அது ஸ்ட்ரிங்காகிவிடும், அதாவது வெறும் எழுத்துச்சரமாகிவிடும். இப்போது எண்ணாகவே நிற்கிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த வேரியபிளை மேற்கோள் குறிக்குள் இருக்கும் '8081' உடன் ஒப்பிடும் பழைய வரி, பிழைச்செய்தி எதுவும் காட்டாமல், பொருந்தவில்லை என்று முடிவு செய்து அந்த டாஸ்க்கையே தாண்டிச் சென்றுவிடுகிறது. பிளேபுக் (டாஸ்க்குகளை வரிசையாக எழுதிய கோப்பு) பச்சை நிறத்தில், தவறே இல்லாததுபோல் முடிகிறது. செய்ய வேண்டிய வேலை மட்டும் நடந்திருக்காது. ஆகவே மேற்கோளுக்குள் எண் வரும் ஒப்பீடுகளைத்தான் முதலில் தேடி எடுக்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று, பிழைச்செய்தி காட்டிச் சத்தம் போட்டு நிற்பவை. ஒரு டாஸ்க் ஓட வேண்டுமா என்று தீர்மானிக்கும் 'வென்' நிபந்தனையின் விடை இனி பூலியனாக (உண்மை அல்லது பொய்) இருந்தே ஆக வேண்டும். பட்டியலில் ஏதேனும் உள்ளதா என்றறிய அதன் பெயரை மட்டும் எழுதும் பழக்கம் செல்லாது. அதன் நீளம் பூஜ்யத்தைவிட அதிகமா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பழைய போக்கைத் தற்காலிகமாக அனுமதிக்க 'அலவ் புரோக்கன் கண்டிஷனல்ஸ்' என்ற அமைப்பு உண்டு. திருத்த வேண்டிய இடங்களை எச்சரிக்கைகளாகத் திரட்டும் ஓர் ஓட்டத்துக்கு அது உதவும். அதற்குமேல் அதை இயக்கத்தில் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வகைமாற்றத்தை எங்கே செய்வது? பயன்படும் இடந்தோறும், மதிப்பைப் பூலியனாக மாற்றும் 'பூல்' ஃபில்டரை ஒட்டினால் ஏதேனும் ஓர் இடம் விடுபட்டே தீரும். கட்டளை வரியில் 'பெயர்=மதிப்பு' என்று தருபவை எப்போதும் ஸ்ட்ரிங்காகவே வருகின்றன; அவற்றை ஜேசன் வடிவில் தந்தால் வகை மாறாமல் வந்து சேர்கிறது. எனவே மதிப்பு நுழையும் வாசலிலேயே வகையை உறுதிசெய்ய முடிவெடுத்து, டீப்ளாய் ஸ்கிரிப்ட்டை முதலில் மாற்றினேன். ஐயம் வரும் வேரியபிளை, வகையைக் காட்டும் 'டைப் டீபக்' ஃபில்டர் வழியே அச்சிட்டுப் பார்ப்பது ஊகிப்பதைவிட விரைவானது.

பிளேபுக்குகள் எழுதப்படும் யாமல் வடிவில் மேற்கோளின்றி 1.10 என்று எழுதிய பதிப்பெண் மட்டும் இதற்கு விலக்கு: கோப்பைப் படிக்கும்போதே அது 1.1 ஆகிவிடுவதால், பிறகு ஸ்ட்ரிங்காக மாற்றினாலும் அந்தப் பூஜ்யம் திரும்பாது.

அக்டோபர் 10, வெள்ளி

கான்ஃபிக் கோப்புகளை உருவாக்கும் டெம்ப்ளேட்டுகளைப் பார்த்தேன். பூலியனை அப்படியே அச்சிட்டால் பைத்தான் பாணியில் பெரிய எழுத்தில் தொடங்கும் 'ட்ரூ' விழுகிறது. சிறிய எழுத்தையே ஏற்கும் செயலிகளுக்கு 'டு ஜேசன்' ஃபில்டர் போட்டேன். பழைய, புதிய பதிப்புகள் உருவாக்கிய கோப்புகளை 'டிஃப்' வைத்து ஒப்பிட்டு, வேறுபாடு எதுவும் இல்லாத ரோல்களை (ஒரு பணிக்கான டாஸ்க், டெம்ப்ளேட் தொகுப்புகளை) மட்டும் திங்களன்று புரொடக்‌ஷனுக்கு அனுப்புகிறேன்.