கணக்கு மேசையில் ஒரு குரு

யாங்கூனில் பருப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். உளுந்துக்குக் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. தரகர்கள் போன் மேல் போன் போடுவார்கள். மனநிம்மதி, தியானம் என்று பேச்சு வந்தால், "அதெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம்" என்பதுதான் எங்கள் ஆபீஸில் எல்லோரும் சொல்வது.

இதே ஊரில் வாழ்ந்த தியான குரு சயாஜி ஊ பா கின் அப்படிக் காத்திருக்கவில்லை. (சயாஜி என்றால் மதிப்புக்குரிய ஆசிரியர்.) கணக்கு குமாஸ்தாவாகத் தொடங்கி, 1948 ஜனவரி 4 அன்று, பர்மா விடுதலை பெற்ற அதே நாளில், நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரல், அதாவது அரசின் தலைமைக் கணக்கு அதிகாரி ஆனவர். 1937இல் அவருக்கு விபாசனா என்னும் தியானம் கற்றுக்கொடுத்த சயா தெட்ஜீ ஒரு விவசாயி. ஊ பா கின் 1941இல் ரயில்வே கணக்குப் பார்க்க மாண்டலேக்குத் தெற்கே உள்ள கியாவுக்சே போனபோது முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தது அங்கிருந்த உதவி ஸ்டேஷன் மாஸ்டருக்கு. தியான மண்டபம், அவர் வந்த ரயில் பெட்டி. பிறகு தம் அலுவலகத்திலேயே ஊழியர்கள் தியானம் பழக வழிசெய்தார்.

எங்கள் சீனியர் கணக்கர் அந்த வழியில் பயின்றவர். ஒருமுறை எடை ஒத்துவரவில்லை என்று பேங்க் டாக்குமென்ட்டைத் திருப்பிவிட்டது. போனில் முதலாளி போட்ட சத்தத்தில் எனக்குக் கை நடுங்கியது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். "தம்பி, பதில் அப்புறம் எழுதலாம். மேலுதட்டுக்கு மேல மூச்சு படுதா பாரு. இடது மூக்கா, வலது மூக்கா?" உள்ளே போகையில் குளிர்ச்சி, வெளியே வருகையில் லேசான சூடு. கொஞ்ச நேரம் கழித்து ஃபைலைத் திறந்தால், பேக்கிங் லிஸ்ட்டில் சாக்கு எடையையும் சேர்த்து எழுதியிருந்தது பளிச்சென்று தெரிந்தது.

மூச்சைக் கவனி என்று புத்தகமும் சொல்லும். ஆனால் பத்து நாள் பயிற்சியில் உட்கார்ந்த மூன்றாம் நாள் முழங்கால் வலியும் பழைய பகையும் சேர்ந்து கிளம்பும்போது, "வரட்டும், பார்த்துக்கிட்டே இரு" என்று சொல்ல அந்த வழியில் நடந்த ஒருவர் வேண்டும். சுகமாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்வோம்; அதையும் விடச் சொல்ல அவர்தான் வேண்டும். நாம் கேட்டு வருவது ஒன்று, நமக்கு வேண்டியது வேறொன்று என்பதும் அவருக்குத் தெரியும். மாண்டலேயில் பிறந்த வியாபாரி கோயங்கா 1955இல் தீராத தலைவலியோடு ஊ பா கின்னிடம் போனார். தலைவலி தீரத்தான் என்றால் வேண்டாம், மனம் தூய்மையாக என்றால் வா என்றாராம் சயாஜி. கோயங்கா பின்னாளில் 1969இல் அதே தியானத்தை இந்தியாவுக்குக் கொண்டுபோனார்.

குருவின் படத்துக்கு மாலை போடுவது நம் வழக்கம், தவறில்லை. அண்ணனும் வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்கு வருவார். ஆனால் என்னைத் தம்மோடு கட்டிப்போட அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. எதைக் கேட்டாலும், "நீ உட்கார்ந்து பார்த்தியா?" என்பார். நான் அவரைப் பெரிதும் மதிப்பது இதற்காகத்தான்.

புதிதாகச் சேர்ந்த பையன் பத்து நாள் பயிற்சிக்கு லீவு கேட்கிறான். மாதக் கடைசியில் இல்லாமல் பார்த்துக் கொடுக்கும்படி முதலாளியிடம் பேசியிருக்கிறேன். அவன் பக்கத்துக் கணக்கை நான் எழுதிவிடுவேன்.