முன்சியாரியில் ஒரு சிட்டம் நூல்

முன்சியாரியிலிருந்து நேற்று ராத்திரிதான் சென்னை வந்து சேர்ந்தேன். துணிமணி இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை. நகக்கண்ணில் ஏறிய வால்நட் கறையும் அப்படியே இருக்கிறது. போகிற வழி, செலவுக் கணக்கு எல்லாம் எழுதித் தருகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், தருகிறேன். ஆனால் முதலில் அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மனசு ஆறாது.

முன்சியாரி, உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தில் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர். ரயில் காட்கோதாம் வரைக்கும்தான். அதற்கு மேல் மலைப்பாதை, முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பகல் முழுக்க ஆகும். பக்கத்து ஊரான ஹல்த்வானியில் விடியற்காலையிலேயே ஷேர் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. 1,000 ரூபாய், முன் சீட் என்று பேசித்தான் பையை மேலே ஏற்றினேன். வண்டி நகரும்போது முன் சீட்டில் டிரைவருக்குத் தெரிந்த இரண்டு பேர். எனக்குக் கிடைத்தது கடைசியில், பக்கவாட்டில் உட்காருகிற பலகை. பத்துப் பேர் போக வேண்டிய வண்டியில் பதின்மூன்று பேர். அல்மோராவைத் தாண்டுவதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். வளைவுக்கு வளைவு எதிரில் இருந்தவரின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். சேராகாட்டில் டீ குடிக்க நிறுத்தினபோது டிரைவர் வந்து, பைக்குத் தனியாக 300 ரூபாய் என்றார். வேறு யாரிடமும் கேட்கவில்லை. வெளியூர்க்காரி, தனியாக வந்திருக்கிறாள், ஹிந்தி தடுமாறுகிறது, அவ்வளவுதான் காரணம். தர முடியாது என்று சொன்னேன். என் பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு ராணுவக்காரர் ஒருவர் எழுந்து குமாவோனியில் ஒரு சத்தம் போட்டார். 100 ரூபாயோடு முடிந்தது. அந்தப் பெரியவர் நீலகிரியில் வெலிங்டனில் மூன்று வருஷம் இருந்தவராம். ‘வணக்கம்’, ‘சாப்பாடு’, ‘போதும்’ மூன்றும் சுத்தமாகச் சொன்னார். அன்றைக்கு முழுக்க அவர் கொடுத்த புளிப்பு மிட்டாயில்தான் என் வயிறு நின்றது. நீங்கள் போனால் பைக்கும் சேர்த்துத்தான் என்று ஏறுவதற்கு முன்பே, நாலு பேர் காதில் விழும்படி பேசிவிடுங்கள்.

பேரிநாக், தல் எல்லாம் கடந்து, பிர்த்தி அருவிக்கு மேலே பாதை சுற்றிச் சுற்றி ஏறிக் காலாமுனி கணவாய்க்கு வந்தோம். அங்கே ஒரு காளி கோயில், வாசல் முழுக்க மணிகள். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே பஞ்சசூலி, ஐந்து சிகரங்களும் வரிசையாக. உயரமானது 6,904 மீட்டர். சூலி என்றால் அடுப்பு. பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகும் முன் கடைசியாக அடுப்பு மூட்டிச் சமைத்த இடமாம். ஐந்து அடுப்பிலும் வெயில் ஏறுகிறவரை நான் பல் கூடத் தேய்க்கவில்லை.

ஆனால் நான் போனது மலையைப் பார்க்க இல்லை. என் அம்மா படித்த பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு பீரியட் தக்ளி, கையால் சுழற்றி நூல் நூற்கிற சின்னக் கதிர். காந்தியின் ஆதாரக் கல்வி வழியாக வந்த பழக்கம். அம்மாவின் பித்தளைத் தக்ளி இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அம்மா சுழற்றிக் காட்டினால் பஞ்சு நூலாகிவிடும், என் கையில் வரவே வராது. முன்சியாரிப் பக்கம் இன்னமும் தக்ளியில் கம்பளி நூற்கிறார்கள், செடி வேரில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து போக வேண்டும் என்ற நினைப்புதான். கத்திரி வெயில் முடிந்ததும் கிளம்பிவிட்டேன். நாலு நாள் என்று போனவள் எட்டு நாள் இருந்தேன்.

தங்கினது சர்மோலியில். முன்சியாரி பஜாரிலிருந்து நடந்தே போகலாம். பெண்களே ஹோம்ஸ்டே நடத்துகிற கிராமம், 2023இல் இந்தியாவின் சிறந்த சுற்றுலா கிராமம் என்று மத்திய அரசு விருது வாங்கினது. மூன்று வேளைச் சாப்பாட்டோடு நாளுக்கு 1,800 ரூபாய். எட்டு நாளுக்கு 14,400. முதல் நாள் ராத்திரி படுத்துக்கொண்டு இதைத்தான் கணக்குப் போட்டேன், வயிற்றைக் கலக்கியது. மறுநாள் சாப்பாடு வந்த பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

அந்தச் சாப்பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த கேழ்வரகு ரொட்டி, மேலே வீட்டு நெய். மலைச்சரிவில் விளைந்த முன்சியாரி ராஜ்மா. இதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நம் ஊர்க் கடையில் கிடைக்கிற ராஜ்மா போல் தோல் வாயில் தட்டவே இல்லை, வெண்ணெயாகக் கரைகிறது. தாளிப்பில் ஜம்பு என்று புல் மாதிரி ஒரு காய்ந்த இலை போட்டார்கள். வெங்காய இனம், கொஞ்சம் பூண்டு வாசம், நெய்யில் பொரிந்தவுடன் வீடே மணக்கிறது. ராத்திரி குதிரைவாலிப் பாயசம். கேழ்வரகையும் குதிரைவாலியையும் இமயமலையில் சாப்பிடுவேன் என்று நினைக்கவில்லை. தர்மபுரிக்காரி எனக்கு அது வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்தது.

வீட்டுக்காரம்மாவை தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய மாமியாரை வீட்டில் எல்லோரும் ஆமா என்று கூப்பிடுகிறார்கள். குமாவோனியில் பாட்டிக்கு ஆமா என்று பேர். எழுபதைத் தாண்டியவர். நான் தமிழில் ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டும்போதெல்லாம், தன்னைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்ப்பார்.

ஜூனில் அங்கே யாருக்கும் உட்கார நேரமில்லை. விடிந்ததும் மாட்டுக்குப் புல், சாணம் அள்ளிக் குவிப்பது, உருளைக்கிழங்குக்கு மண் அணைப்பது, ராஜ்மாவுக்குக் குச்சி நடுவது. நானும் இரண்டு பாத்தி மண் அணைத்தேன். சரிவான நிலம், கால் வழுக்கும், ஒரு மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. தீதி அதையெல்லாம் முடித்துவிட்டுச் சமைக்கவும் போனார். நூற்பது என்பது இதற்கெல்லாம் நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான். ஆமா மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போதும் தக்ளி கையில் சுற்றுகிறது, வாசலில் வம்பு பேசும்போதும் சுற்றுகிறது.

சீவின கம்பளியை இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றிக்கொள்கிறார். அதிலிருந்து ஒரு நுனியை இழுத்துத் தக்ளியில் கொக்கி போட்டு, வலது கைக் கட்டைவிரலால் ஒரு சுண்டு. தக்ளி பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே கீழே இறங்க, முறுக்கு நூலில் மேலே ஏறுகிறது. முறுக்கு விரலுக்கு வந்து சேருவதற்குள் கம்பளியை இழுத்து மெலிசாக்கிவிட வேண்டும். ஏறின பிறகு இழுத்தால் அந்த இடம் நகராது, பக்கத்து இடம் அறுந்துபோகும். இதுதான் சூட்சுமம், எனக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. ஆமா வாயால் ஒன்றும் விளக்கவில்லை. என் விரல் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு சேர்ந்து இழுத்தார். நாலாம் நாள் மத்தியானம் கை தானாகவே இழுத்தது. அந்த நிமிஷம் அம்மாவுக்குப் போன் போட்டேன், சிக்னல் இல்லை.

நூற்கிற கம்பளி போன இலையுதிர் காலத்தில் கத்தரித்தது. ஆடுகள் மே மாதமே மேலே புல்வெளிக்குப் போய்விட்டன. இந்த ஜோஹார் பள்ளத்தாக்கின் சௌக்கா மக்கள் ஒரு காலத்தில் கணவாய்களைத் தாண்டித் திபெத்துக்குப் போய், தானியம் கொடுத்து உப்பும் கம்பளியும் வாங்கி வந்தவர்கள். திபெத்துக்குள் ரகசியமாக நடந்து, ஜபமாலையில் காலடியை எண்ணி நில அளவை செய்த நைன் சிங் ராவத் இங்கே மேலே இருக்கிற மிலம் கிராமத்துக்காரர்தான். 1962 போரோடு அந்த வழி மூடியது. வியாபாரம் போனது, மேல் கிராமங்கள் காலியாகின. அந்தப் பேச்சு வந்தபோது மட்டும் ஆமாவின் தக்ளி நின்றது.

சாயம் போட்ட நாள்தான் என் பயணத்தின் பெரிய நாள். முந்தின நாளே, நூற்ற நூலைச் சுற்றிக் கட்டின சிட்டங்களைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசியாயிற்று. கம்பளியில் ஆட்டின் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அது போகாமல் சாயம் பிடிக்காது. சூட்டிலிருந்து சட்டென்று குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றிவிடவும் கூடாது, கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். அப்புறம் படிகாரம், ஒரு கிலோ நூலுக்கு 150 கிராம் கணக்கு. சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், ராத்திரி முழுக்க ஊறினது. செம்புப் பானையில் ஊற்றி விறகு அடுப்பில் ஏற்றினார் தீதி. கொதி வரவே கூடாது. வந்தால் சிவப்பு பழுப்படித்துவிடும். தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்ததும் விறகை வெளியே இழுப்பார், அடங்கினால் உள்ளே தள்ளுவார். ஒன்றரை மணி நேரம் இதே வேலை. வெளுத்த சிட்டம் முதலில் அழுக்கு ஆரஞ்சாகத்தான் இருந்தது, எனக்கு ஏமாற்றம். பானையிலேயே ஆறவிட்டு, சாயங்காலம் எடுத்து உதறினார். பழுத்த செங்கல் நிறமும் மாதுளையும் கலந்தாற்போல ஒரு சிவப்பு. கடையில் இப்படி ஒரு சிவப்பை நான் வாங்கினதே இல்லை.

மஞ்சளுக்குக் கில்மோரா என்ற முள்செடியின் வேர். பக்க வேரை மட்டும் வெட்டிக்கொண்டு, மூடின மண்ணைக் காலால் மிதித்துவிட்டு வந்தார் தீதி. பழுப்புக்கு வால்நட்டின் வெளித்தோல், போன வருஷம் காயவைத்தது. அதற்குப் படிகாரமே வேண்டாம், தானே பிடித்துக்கொள்கிறது, நூலில் மட்டுமல்ல, விரலிலும். அதே தோலை இரும்புக் கடாயில் போட்டால் கிட்டத்தட்டக் கறுப்பாக வருகிறது.

இப்போது விலை. எட்டு நாளில் நான் நூற்றது கடைத் தராசில் 28 கிராம். ஆமா வேலைக்கு நடுவே ஒரு நாளில் நூற்கிறது 50 கிராம் வரும். ஒரு சால்வைக்கு 350 கிராம் நூல் வேண்டும். அப்படியானால் நூற்க மட்டுமே ஒரு வாரம், அதற்கு மேல் சீவுவது, அலசுவது, சாயம், தறி. தீதி அதற்கு 3,800 ரூபாய் கேட்டார். பஜாரில் என் கண் முன்னாலேயே ஒரு குடும்பம் இதே மாதிரி சால்வையை 1,500க்குக் கேட்டு அரை மணி நேரம் பேரம் பேசியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் வந்த கார் வாடகை ஒரு நாளைக்கே அதற்கு மேல் ஆகும். நான் 3,800 கொடுத்து வாங்கினேன். என் பட்ஜெட் அதோடு காலி, திரும்பி வரும்போது டெல்லியில் ஹோட்டல் எடுக்காமல் ஸ்டேஷனிலேயே இருந்தேன். வருத்தமில்லை.

இன்னொரு கடையில் கையால் நூற்றது என்று 2,500க்குக் காட்டினார்கள். ஓரத்து இழையைப் பிரித்துப் பார்த்தேன், தடிப்பு மெலிவு இல்லாமல் ஒரே சீர், மில் நூல். ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தால் இன்னும் நிச்சயமாகத் தெரியும். கம்பளி என்றால் முடி கருகின நாற்றம், சாம்பல் விரலில் உதிரும். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

போகிறவர்கள் மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் போய்விடுங்கள், பிறகு மழையும் நிலச்சரிவும். ஸ்லீப்பர் டிக்கெட்டை முன்கூட்டியே போடுங்கள். என் 28 கிராமை ஆமா தன் நூலோடு சேர்த்து இரட்டைப் புரியாக முறுக்கிக் கொடுத்தார், அம்மா அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மஞ்சிட்டி வேர் இங்கே நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது, காலையில் போய்க் கால் கிலோ வாங்கி வந்தேன். சாயத்துக்கென்று ஒரு பானை தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் மறுபடி சமைக்கக் கூடாது.