எட்டரை ஃபேட்

காலை ஆறே முக்காலுக்குப் போன் வந்தது. கோபிப் பக்கம் ஒரு பால் சங்கத்தின் செயலாளர். "தம்பி, மாட்டுப்பாலுக்கு எட்டரை ஃபேட்டுன்னு காட்டுதுங்க. எருமைப்பாலுக்கே அவ்வளவு வந்தா பெரிய விஷயமுங்க."

"அண்ணா, எதையும் அனுப்பாதீங்க. ஸ்கிரீனை போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடுங்க" என்றேன்.

அந்தச் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஆண்ட்ராய்டு ஆப் அது. சங்கக் கட்டடத்தில் சிக்னல் நிற்காது. அதனால் பால் ஊற்றுகிறவர்களின் பதிவுகள் முதலில் போனுக்குள் ஜேசனாக (பெயரும் மதிப்பும் சேர்ந்த எழுத்து வடிவில்) சேமிக்கப்பட்டு, சிக்னல் கிடைக்கும்போது சர்வருக்குப் போகும். முந்தின நாள் மாலைப் பதிவுகள் 37 போனிலேயே தங்கியிருந்தன. இரவில் நான் வெளியிட்ட புதுப் பதிப்பு அந்தப் போனில் ஏறியிருந்தது.

போட்டோவில் உறுப்பினர் 114-இன் வரி: லிட்டர் 6.5, ஃபேட் 8.5, எஸ்.என்.எஃப் 0.0. லிட்டர் சரி. எட்டரை என்பது எஸ்.என்.எஃப்-ஆக, அதாவது கொழுப்பு (ஃபேட்) நீங்கலான திடப்பொருளாக, இருக்க வேண்டிய எண். ஆக, மதிப்புகள் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன.

டீபக் பில்டில் (சோதனைக்கான பதிப்பில்) இரண்டு மணி நேரம் தட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஆப்ஜெக்ட்டை ஜேசனாக்கி, அதை மறுபடி ஆப்ஜெக்டாக்கி ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று வைத்திருந்தேன். அதுவும் பச்சை, அதாவது பாஸ். பிறகுதான் ரிலீஸ் பில்ட் (பயனர்களுக்குப் போகும் பதிப்பு) போட்டு, சேமிக்கப்பட்ட எழுத்தை அப்படியே லாகில் அச்சிட்டேன். 'உறுப்பினர் எண்', 'லிட்டர்', 'ஃபேட்' என்று நான் வைத்த பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. ஏ, பி, சி, டி, இ என்று ஒற்றை எழுத்துகள்தான்.

ஆண்ட்ராய்டு பில்டில் கோடைச் சுருக்கும் கருவியான ஆர்8 செய்த வேலை. ரிலீஸ் பில்டில் ஆப்பின் அளவைக் குறைக்க அது ஃபீல்டுகளின் (ஒரு பதிவில் ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள இடங்களின்) பெயரைச் சுருக்கிவிடும். ஆப்ஜெக்டை ஜேசனாக மாற்ற நான் வைத்திருந்த லைப்ரரி ஜிசான். ஜிசான் ரிஃப்ளெக்‌ஷன் மூலம் ஓடும் நேரத்தில் ஃபீல்டின் பெயரைக் கேட்டு, கிடைத்ததையே ஜேசன் கீயாக (மதிப்பின் முன் நிற்கும் பெயராக) எழுதும். ஒரே பில்டுக்குள் எழுதுவதும் படிப்பதும் அதே சுருக்கப் பெயரில்தான் என்பதால், ரிலீஸில் அந்த டெஸ்டை ஓட்டியிருந்தாலும் பச்சைதான் காட்டியிருக்கும். சர்வருக்குப் போகும் ஜேசனில் கீ ஒவ்வொன்றையும் நானே கையால் எழுதியிருந்ததால் அந்தப் பக்கமும் வெளியே தெரியவில்லை.

பழைய பதிப்பில் சி என்றால் ஃபேட், டி என்றால் எஸ்.என்.எஃப். புதுப் பதிப்பில் லிட்டருக்கும் ஃபேட்டுக்கும் நடுவே லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி) அளவுக்கு ஒரு ஃபீல்டு சேர்த்தேன். எழுத்துகள் நகர்ந்துவிட்டன. எல்லாமே டபுள் (புள்ளி வைத்த எண்) என்பதால் கிராஷ் ஆகாமல், எச்சரிக்கை இல்லாமல், ஃபேட் லாக்டோமீட்டருக்கும் எஸ்.என்.எஃப் ஃபேட்டுக்கும் போய்விட்டது. கிராஷ் ஆகியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

அந்த 0.0 தனியாக உறுத்தியது. ஆப்பை எழுதிய கோட்லின் மொழியின் கிளாஸில் எஸ்.என்.எஃப்-க்கு 8.0 என்று டிஃபால்ட் (மதிப்பு வராவிட்டால் எடுக்க வேண்டியது) கொடுத்திருந்தேன். ஆனால் எல்லா ஃபீல்டுக்கும் டிஃபால்ட் இல்லாத கிளாஸில் ஆர்குமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் கோடு) இருக்காது. அப்போது ஜிசான் கன்ஸ்ட்ரக்டரையே தொடாமல் ஆப்ஜெக்டை உருவாக்கிவிடும், நாம் எழுதிய டிஃபால்ட் எதுவும் ஓடாது. கோட்லினில் ஜிசான் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நல் (மதிப்பே இல்லாத நிலை) வரக்கூடாது என்று எழுதிய ஃபீல்டிலும் இதே வழியில் நல் நுழையும்.

இனிமேலுக்கான திருத்தம் எளிது: ஒவ்வொரு ஃபீல்டின் மேலும் சீரியலைஸ்ட்நேம் என்ற ஜிசான் குறிப்பைப் போட்டுக் கீயை நிலைநிறுத்துவது. அதைக் காக்கும் ஆர்8 விதிகள் ஜிசான் 2.11 முதல் லைப்ரரியோடே வருகின்றன. அதற்கு முந்தையது என்றால் நாமே எழுத வேண்டும்.

பழைய பதிவுகளை மீட்பதில்தான் மதியம் போனது. எந்த எழுத்து எந்த ஃபீல்டு என்பது ஆர்8 எழுதும் மேப்பிங் கோப்பில் இருக்கும், ஆனால் அடுத்த பில்ட் அதை மேலெழுதிவிடும். நல்லவேளை, ஆப்பை வெளியிடும் பிளே கன்சோலில் பழைய பதிப்போடு ஏறியிருந்தது கிடைத்தது. சீரியலைஸ்ட்நேமில் மாற்றுப்பெயராக 'சி' கொடுத்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது, புதுப் பதிப்பு எழுதிய பதிவில் சி என்றால் லாக்டோமீட்டர். கடைசியில் இப்படிப் பிரித்தேன்: 'இ' கீயே இல்லை என்றால் பழைய பதிவு. 'இ' 0.0 என்றால், பழையதைப் புதுப் பதிப்பு தப்பாகப் படித்துத் திரும்பச் சேமித்தது. பாலில் எஸ்.என்.எஃப் பூஜ்யம் ஆகவே ஆகாது என்பதால் இந்த அடையாளத்தை நம்பலாம். மற்றதெல்லாம் புதுசு.

மாலையில் செயலாளர் தன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். "நூத்திப் பதினாலு, ஆறரை லிட்டர், நாலு புள்ளி ரெண்டு, எட்டரை." 37-உம் ஒத்துப்போனது. அதன் பிறகுதான் அனுப்பச் சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் என் பழைய போனில் முந்தைய ரிலீஸை ஏற்றி, ஏரோபிளேன் மோடில் மூன்று பதிவு போட்டு, அதன் மேலேயே புதுசை ஏற்றுகிறேன். சேமித்த ஜேசனை எழுத்தாகவே திறந்து, கீகளைக் கண்ணால் படிக்கிறேன்.