மணமில்லாத யூலை

யூலை 2, 2024
காய்ச்சலோடு போன மணத்தைத் திருப்பி எடுக்கும் பயிற்சி: ரோசா எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், தேசிக்காய்த் தோல், கராம்பு. காலையும் இரவும், ஒவ்வொன்றும் பத்து விநாடி.
ஒன்றுமில்லை.

யூலை 3
கராம்பு மூக்கை உறுத்துகிறது. தைலம் குளிருகிறது. இரண்டும் மணமில்லை. எனக்குத் தெரியும்.

யூலை 5
மூக்கு போனாலும் நாக்கு இருக்கிறதே என்று, இன்று பாரில் திறந்த வைன் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துத் துப்பினேன்.

மார்ல்பரோ சவிஞ்ஞோன் பிளாங்: கன்னத்துக்குள் உடனே நீர் ஊறியது. அவ்வளவுதான். முன்பு மூடியைத் திருகும்போதே பாஷன் பழம் முகத்தில் அடிக்கும்.

மோசெல் ரீஸ்லிங்: முதலில் இனிப்பு, பின்னால் புளிப்பு வந்து அதைத் துடைத்துக்கொண்டு போகிறது. மணம் இருந்த காலத்தில் அந்தப் புளிப்பை நான் இவ்வளவு கவனிக்கவில்லை. வைனாகும் முந்திரிகைப்பழத்தில் இருப்பதும் பழப்புளியில் இருப்பதும் ஒரே டார்டாரிக் அமிலம்தான். இன்று அது வாய்க்கே தெரிந்தது.

பரோலோ, ஒரு மிடறு மிச்சம். பார்க்க வெளிறல், பல் முரசைப் பிடித்த பிடியோ அடுப்பில் மறந்துவிட்ட தேயிலைச் சாயம் மாதிரி. ரோசாவும் தாரும் மணக்கவேண்டிய வைன். தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

யூலை 6
மிளகு. அதை மட்டும் நினைக்கக்கூடாது.

யூலை 9
நித்திரை வரவில்லை.

ஜன்னலோர மேசை. வயதான கணவன், மனைவி. மனைவிக்குப் பிறந்தநாள். பொர்தோ சிவப்பு வைன். தக்கையை இழுத்து மூக்கருகே கொண்டுபோனேன், கை பழகிவிட்டது. கொஞ்சம் வார்த்து வாயில் வைத்தேன். புளிப்பு சரி, துவர்ப்பு சரி என்று ஊற்றிவிட்டேன். அந்த ஐயா கிளாஸைத் தூக்கியவர் குடிக்காமலே வைத்தார். "தங்கச்சி, ஒருக்கா மணந்து பாருங்கோ."

மணந்தேன். ஒன்றுமில்லை. "ஓம் ஐயா, பழுதுதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். மணந்து கண்டுபிடித்தவள்போலச் சொன்னேன். பழுதானதைக் கொடுத்ததைவிட இந்தப் பொய்தான் நெஞ்சை அறுக்கிறது.

தக்கையில் பூஞ்சணத்தால் வரும் டிசிஏ என்ற பொருள்தான் காரணம். ஒரு லீற்றரில் சில நனோகிராம் இருந்தாலே போதும், பழ மணம் எல்லாம் செத்துவிடும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைக்காதவ. கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து மணந்தா.

"நனைஞ்ச சாக்கு, பிள்ளை. மழைக்குப் பிறகு புறக்கோட்டையில வெங்காயச் சாக்கு அடுக்கியிருக்குமே, அது."

என் வைன் பரீட்சையில் எழுதினால் முழுப் புள்ளி.

யூலை 12
தம்பி கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை வைன் வாங்கிவந்தான். போன கிழமை கடைக்கு நானே போனேன், பெண்களுக்குத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 1979 இல் வந்த விதி. 2018 தை மாதம் நீக்கினார்கள், சில நாளில் ஜனாதிபதி திரும்பப் போடச் சொல்லிவிட்டார். இது என் தொழில். இதைப் படிக்கத்தான் காசு கட்டியிருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு: புளிப்புக் குறைவு, எண்ணெய்போல வழுவழுப்பு, கடைசியில் சின்னக் கைப்பு.
அம்மாவுக்கு: "கலியாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிற மணம். பிறகு ரம்புட்டான் உரிச்ச மாதிரி."
புத்தகத்தில் ரோசா, லிச்சி என்று இருக்கிறது. அம்மா புத்தகம் பார்த்ததில்லை.

யூலை 15
பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். ஷிராஸ் என்ற சிவப்பு வைனுக்குப் பதினான்கு குறிப்பு. பதினான்கிலும் மிளகு என்று எழுதி அடிக்கோடு.

அந்த மணம் ரொட்டன்டோன் என்ற பொருளால் வருகிறது. ஷிராஸில் அதை 2008 இல் அவுஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். மிளகிலும் அதேதான். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அது மணக்கவே மணக்காது, பிறவியிலேயே.

நான் அந்த ஐந்தில் ஒருத்தியா? பதினான்கு தடவையும் மணந்துதான் எழுதினேனா, இல்லை ஷிராஸ் என்றால் மிளகு என்று எழுதவேண்டும் என்பதால் எழுதினேனா? முதலாவதை எங்கே குடித்தேன், யார் ஊற்றினது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மணம்தான் ஞாபகத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடுகிறேன், அம்மா உரலில் மிளகு இடிக்கும் சத்தம்தான் வருகிறது. காய்ச்சலுக்கு முன்பே இல்லாத ஒன்று திரும்பி வராது. வராதபோது, காய்ச்சல் கொண்டுபோனதா, முதலிலேயே இல்லையா என்று எப்படித் தெரியும்?

இன்றைய ஷிராஸைப் பேர் சொல்லாமல் அம்மாவிடம் நீட்டினேன்.
"ரசத்துக்கு இடிச்ச உரல்."

எழுந்து குசினிக்குள் போய் நின்றேன்.

யூலை 16
ரோசா, தைலம், தேசிக்காய், கராம்பு. ஒன்றுமில்லை.

யூலை 20
போயா, பௌர்ணமி நாள். பார் பூட்டு, லீவு. வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதையோரம் நடந்தேன். கருவாடு காயப்போட்டிருந்தார்கள். கிட்டப் போய் நின்றேன்.

யூலை 24
கோப்பி நாறியது!

ரப்பர் எரிகிற நாற்றம், கொஞ்சம் அழுகிய வெங்காயம். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா பயந்துபோய் ஓடிவந்தா. நரம்பு திரும்ப முளைக்கும்போது முதலில் இப்படித்தான் பிழையாக மணக்குமாம், டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். பிழையாக என்றாலும் மணம்தானே. நாலு தடவை மணந்தேன். நாலு தடவையும் நாறியது.

யூலை 25
கராம்பு: எரிந்த ரப்பர்.
தேசிக்காய்: ஒன்றுமில்லை. இல்லை, பின்னால் ஏதோ. ஒரு நொடி.

யூலை 27
தம்பி இன்னொரு ஷிராஸ் கொண்டுவந்து வைத்திருக்கிறான். திறக்கவில்லை. அம்மா கோயிலால் வரட்டும்.