ஆண் தேனீப் புழுத்தூளுக்கு அனுமதி கேட்டு

தேனுக்குத் தரநிலை எப்போதோ இருக்கிறது. தேன்மெழுகுக்கும் ராயல் ஜெல்லிக்கும் 2018-இல் வந்துவிட்டது. கோபி பக்கம் தென்னந்தோப்பில் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் நான் விற்க நினைத்தது இவை எதிலும் சேராத பொருள்: ஆண் தேனீயின் கூட்டுப்புழுவை உறைய வைத்து உலர்த்திய தூள்.

தேனீக்களைத் தாக்கும் வரோவா என்ற உண்ணி, பணித்தேனீ வளரும் அறையைவிட ஆண் தேனீ வளரும் அறையைத்தான் அதிகம் தேடிப் போகும். அதனால் ஆண் அடையை உண்ணியோடு சேர்த்து வெட்டி எறிவது எங்கள் தொழிலில் வழக்கம். அவ்வளவு புரதத்தையும் மண்ணில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

பட்டியலில் இல்லாத உணவுப் பொருளுக்கு 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். எப்படிச் செய்கிறீர்கள், நச்சுத்தன்மை, ஒவ்வாமை, மற்ற நாடுகளில் என்ன நிலை என்று விண்ணப்பம் கேட்டுக்கொண்டே போகிறது. என்னை அதிகம் அலைய வைத்தது, இதை மனிதர்கள் காலங்காலமாகச் சாப்பிட்டிருக்கிறார்களா என்ற கேள்வி.

கடம்பூர் மலையில் தேனெடுத்த பெரியவர்களைப் பார்த்தேன். புழு அடையைப் பிய்த்துத் தின்றதை மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். எங்கள் அம்மிச்சியும் சிறு வயதில் தின்றவர்தான். "எழுத்தில் ஏதாவது இருக்கிறதாங்க?" என்று கேட்டார் விண்ணப்பம் தயாரிக்க உதவிய ஆலோசகர். இல்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1997 மே 15-க்கு முன் அங்கே குறிப்பிடத்தக்க அளவில் உண்ணப்படாதது புதிய உணவு. மலை மக்களின் நாக்கு அறிந்ததைச் சான்றாகப் பதிவு செய்ய வேண்டும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். ஆனால் பருவத்தில் ஒருநாள் பச்சையாகத் தின்பதும், தினமும் ஒரு கரண்டி உலர்தூள் தின்பதும் ஒன்றாகாது என்று ஆலோசகர் சொன்னதை மறுக்க முடியவில்லை. உலர்த்தும்போது நீர் போகும். பூச்சிமருந்து எச்சம் இருந்தால் அது செறிந்துவிடும்.

ஆய்வகம் ஒன்றில் மாதிரி கொடுத்தேன். தேனுக்கான சோதனைகளைச் செய்து அனுப்பிவிட்டார்கள். மீண்டும் பணம் கட்டி, கன உலோகம், எதிருயிரி எச்சம், உண்ணிமருந்து எச்சம், நுண்ணுயிர் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்த பிறகே பயனுள்ள அறிக்கை வந்தது. உங்கள் பொருள் புதியதென்றால் ஆய்வகத்திடம் சோதனைப் பட்டியலை நீங்களே கொடுங்கள்.

பெட்டியருகே செய்ய வேண்டியது இன்னும் அதிகம். மூடி குவிந்திருக்கும் ஆண் அறைகளைச் சீவினால் வெள்ளைவெளேரென்று புழு தெரியும். கண் மட்டும் இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டிருக்கும். நசுங்கினால் பழுப்பாகிவிடும். அதனால் அடையோடு உறைய வைத்து, பிறகு தட்டி எடுக்கிறோம். உண்ணிக்கு மருந்துப் பட்டை வைத்த பெட்டியிலிருந்து ஓர் அடைகூட எடுப்பதில்லை. எந்தப் பெட்டி, எந்தத் தோப்பு, பக்கத்துக் காட்டில் என்ன மருந்து அடித்தார்கள் என்ற நோட்டுதான் விண்ணப்பத்தில் எனக்குக் கைகொடுத்தது. இந்த வழியில் வர நினைப்பவர்கள் ஆய்வகத்துக்குப் போகும் முன்பே அந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.

இப்போது வந்திருக்கும் கேள்வி ஒவ்வாமை பற்றியது. இறாலும் வீட்டுத்தூசி உண்ணியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சி உணவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உறைமீது என்ன எச்சரிக்கை, குழந்தைகளுக்கு உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுமதி வரும்வரை ஒரு பொட்டலமும் விற்பதாக இல்லை. தெரிந்தவர்கள் கேட்டாலும் கொடுப்பதில்லை.