பல மொழியில் சோல் பாடத் தொடங்குபவர்களுக்கு

சோல் (soul) என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த, உணர்ச்சி பொங்கும் பாட்டுவகை. அதில் முதல் பாட்டையே மூன்று மொழியில் வெளியிட ஆசை வரும். வரிகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். மெட்டை வைத்துக்கொண்டு அந்தந்த மொழியிலேயே புதிதாக எழுதுங்கள். சோல் பாட்டின் உயிரே ஒரு உயிரெழுத்தை இழுத்து வளைப்பதில்தான் இருக்கிறது. தமிழில் குறிலை இழுத்தால் 'படம்' என்பது 'பாடம்' ஆகிவிடும்! அதனால் நீண்ட சுரங்களில் நெடில் வரும்படி எழுதுங்கள். மெல்லப் பாடும்போது மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் போதும். உச்சத்தில் குரலை வீசும்போது முகத்தைச் சற்றுப் பின்னால் எடுங்கள், இல்லாவிட்டால் பதிவில் ஒலி சிதைந்துவிடும். அதைப் பிறகு முழுமையாகச் சரிசெய்வது கடினம்.

அடுத்தது ஆவண வேலை. சலிப்பாக இருக்கும், ஆனால் பலர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு மொழிப் பதிவுக்கும் தனி ஐஎஸ்ஆர்சி (ISRC) எண் வேண்டும். அது ஒரு ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் சர்வதேசக் குறியீடு, 12 எழுத்து-எண்கள் கொண்டது. பாடகராக நீங்கள் கொடுக்கும் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பாட்டுத் தளங்களில் உங்களுக்கு இரண்டு பக்கங்கள் முளைத்து, கேட்பவர்கள் சிதறிப்போவார்கள். ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டைப் பிளேலிஸ்ட் (பாட்டுத் தொகுப்பு) ஆசிரியர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வெளியான பாட்டை அப்படி அனுப்ப முடியாது. மொழியையும் சரியாகக் குறிப்பிடுங்கள்.

வரி, மெட்டு, இசைக்கோர்ப்பு இவற்றில் யாருக்கு எத்தனை சதவீதம் பங்கு என்பதைப் பாட்டு உருவான அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மற்ற மொழி வரிகளுக்கு உதவிய நண்பரையும் விட்டுவிடாதீர்கள்.