மார்கழி அடுப்படி, கொடைக்கானல்

டிசம்பர் 17, புதன்

மாவு இன்றும் பொங்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

நேற்று மாலை அரைத்துக் கரைத்து வைத்த மாவு, விடிந்து பார்த்தபோதும் வைத்த அளவிலேயே கிடந்தது. மதுரையாக இருந்தால் எட்டு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருக்கும். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். இங்கே இரவில் 10 டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது. சோடா உப்பு போட்டால் இட்லி உப்பிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதிலும் சோடியம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு உப்பை எண்ணி எண்ணிக் கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கும்போது, கறிக்குக் குறைத்த உப்பை இட்லிக்குள் கொண்டுபோய் மறைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊறப்போட வேண்டும். ஐஸ் போல வரும் குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக வெதுவெதுப்பான நீர் விட்டு அரைக்க வேண்டும். அரைத்ததைக் கையாலேயே கரைக்க வேண்டும். மாவுத் தூக்கை வெந்நீர் ஊற்றிய அகலமான பாத்திரத்தில் இறக்கி, மேலே கம்பளியைப் போர்த்தி, படுக்கப் போகும் முன் ஒருமுறை வெந்நீரை மாற்ற வேண்டும்.

மதுரையிலிருந்து அழைப்பு இல்லை.

டிசம்பர் 20, சனி

துவரம்பருப்பு வேகவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன ஒருவரை இன்று பார்த்தேன். கடைக்காரர் பாவம், என்ன செய்வார்? கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்துவிடுகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேலே இருப்பதால், இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்குப் பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் எரிவாயுதான் வீணாகுமே தவிர, தண்ணீரின் சூடு ஏறாது. குக்கர்தான் கைகொடுக்கிறது. அதிலும் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே ஏறும் சூடு சமவெளியை விடச் சற்றுக் குறைவுதான். அங்கே மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து வைக்கிறேன். பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறப்போட்டால் ஒரு விசில் மிச்சமாகும். பருப்பு மசிந்த பிறகுதான் புளியும் தக்காளியும் போக வேண்டும், ஏனென்றால் புளிப்பு பருப்பை மேலும் விறைப்பாக்கிவிடும்.

அம்மா மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். “சப்புன்னு இருக்கும்மா” என்றார்.

டிசம்பர் 21, ஞாயிறு

சந்தைக்குப் போனேன். பட்டர் பீன்ஸ், மேரக்காய், மரத்தக்காளி, பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டு. இந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; விலையிலும் அது தெரிகிறது. ஆனால் புகை போட்டுக் காய வைத்த பூண்டு மாதக்கணக்கில் முளை விடாமல் இருக்கும் என்பதாலும், சமவெளிப் பூண்டில் நான்கு பல் போடும் இடத்தில் இரண்டே போதும் என்பதாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது. தோல் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால், நகம் நோகாமல் உரிகிறது.

“சப்பு” என்ற அந்தச் சொல் நாள் முழுவதும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இரவில் மரத்தக்காளியை நேரே தணலில் காட்டி, தோல் கறுத்து வெடித்ததும் உரித்து, இரண்டு பல் பூண்டு, மிளகு, சீரகத்தோடு அம்மியில் தட்டி ரசம் வைத்தேன். உப்பைக் கொதியில் போடவில்லை. இறக்கி, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு, அளந்து வைத்ததை மேலே தூவினேன். அப்படிப் போட்டால் நாக்கில் முதலில் படுவது உப்பாக இருக்கிறது, கொஞ்சம் போதுமானதாகவும் இருக்கிறது. அம்மா ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, இன்னும் அரைக் கிண்ணம் கேட்டார்.

டிசம்பர் 23, செவ்வாய்

தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிட்டது. வாய் குறுகிய பாட்டிலில் ஊற்றி வைப்பவர்கள் மலையில் குடித்தனம் செய்யாதவர்கள்.

அழைப்பு இல்லை.

டிசம்பர் 24, புதன்

பொங்கிவிட்டது! கம்பளியை விலக்கியதும் புளித்த மணம் வந்தது. கரண்டியை விட்டபோது மாவு பஞ்சு போல விலகி, உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ்கள் உடைந்தன. இட்லிக் கொப்பரையில் எழும் ஆவியும் அதே 93 டிகிரிதான் என்பதால், பத்து நிமிடத்தில் திறக்காமல் பதினைந்து நிமிடம் விட்டேன். விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டவில்லை. அம்மா மூன்று இட்லி சாப்பிட்டார், நான் நின்றபடியே ஐந்து சாப்பிட்டேன்.

டிசம்பர் 27, சனி

எதைச் செய்யவும் மனமில்லை. பருப்புப்பொடி இருந்தது, சோறு இருந்தது. இருவருக்கும் அது போதும். மேல்வீட்டு அக்கா பூண்டுப்பால் கொடுத்தனுப்பினார். பாலோடு பாதி தண்ணீர் சேர்த்து, பூண்டு மசியும் வரை சுண்ட விட்டு, மிளகும் மஞ்சளும் போட்டுக் கடைந்திருந்தார். மிகவும் நன்றாக இருந்தது என்று எழுதி வைக்கிறேன், அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

தொலைபேசியை அடுப்படியிலேயே வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

அழைத்துவிட்டார்கள். திங்கள்கிழமை பிற்பகலுக்குள் அங்கே இருக்க வேண்டுமாம். வேறு எதுவும் தொலைபேசியில் சொல்லவில்லை.

வழிக்குத் தயிர்சாதம். சோற்றைக் குழைய வேக வைத்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிரை மட்டும் உறையாகச் சேர்க்க வேண்டும். இங்கேயே முழுக்கத் தயிர் விட்டுப் பிசைந்தால், வத்தலக்குண்டு வெயிலைத் தாண்டும்போது வாயில் வைக்க முடியாமல் புளித்துவிடும். பாலில் பிசைந்தது மலை இறங்க இறங்கத் தோய்ந்து, மதியத்துக்குச் சரியான பதத்தில் இருக்கும். தாளிப்புக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும் போதும். அம்மாவுக்குத் தனி டப்பா, உப்பு போடாமல். அதற்கு எலுமிச்சை ஊறுகாயைத் தரக் கூடாது, மாதுளை முத்துக்களை உதிர்த்துப் போடலாம். சுவெட்டரை மேலே வைக்க வேண்டும். கோப்பு என் பையில். பால் காய்ந்துவிட்டது, இறக்கிவிட்டு வருகிறேன்.